கீழ் டாங்கியும் பதினான்கு பயிற்சிகளும்

சந்தனமுடி எஸ்டேட் மூன்றாம் டிவிஷனில், கீழ் லயத்துக்காரர்களுக்கு மஞ்சள் காமாலை எதனால் வருகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்கள் செய்த முதல் தப்பு அதுதான்.

மேல் லயத்தில் வரிசையாக இருபத்துநாலு வீடு. அவர்களுடைய டாங்கிக்குப் பாறை ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. கீழ் லயத்தில் இருபத்திரண்டு வீடு. அவர்களுடைய டாங்கிக்கு ஓடைத் தண்ணீர். அந்த ஓடையோ, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டர் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற பழைய கக்கூஸ் குழியை உரசிக்கொண்டு வருகிறது. ஜூன் மழையில் குழி நிறைந்தது. ஜூலை முடிவதற்குள் கீழ் லயத்தில் ஒன்பது பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. மேல் லயத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. யாருக்கு, எந்த வீட்டில், எந்தத் தேதியில், எந்த டாங்கித் தண்ணீர் என்று கொழுந்து பறிக்கிற சகாயம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள்.

தீர்வும் தெரியும். மேல் டாங்கி நிறைந்து வழிகிற தண்ணீரைக் குழாய் போட்டுக் கீழ் டாங்கிக்கு இறக்கிவிட வேண்டும். சரிவுதான், மோட்டார்கூட வேண்டாம். பேக்டரியில் குழாய் வேலை பார்க்கிற சுவக்கீன் கயிறு பிடித்து அளந்து, ஐந்நூற்று அறுபது அடி என்று சொல்லிவிட்டார்.

சகாயத்தின் புருஷன் சூசையப்பன்தான் லயக் குடும்ப நலச் சங்கத்துக்குச் செயலாளர். அவருக்கு இதில் மற்றவர்களைவிட அவசரம் அதிகம். மகள் ரிஞ்சு கஞ்சிக்கோட்டில் புருஷன் ஜின்சனோடு இருந்தாள், மூன்று மாதக் கர்ப்பம். ஏழாம் மாதம் பிறந்ததும் அழைத்து வந்து, தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்க்க வேண்டும். தாய் வீடு என்றால் கீழ் லயம் ஏழாம் நம்பர். "கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதிலிருந்து சூசையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கம் பஞ்சாயத்துக்கு மனுப் போட்டது. பதில் பத்தே நாளில் வந்தது. அப்போதே அவர்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"தங்கள் மனுவில், தண்ணீரால்தான் நோய் வருகிறது எனத் தெரிவித்துள்ளீர்கள். ஆராய்ச்சித்திறன் சான்றிதழ் பெறாத சமூக அமைப்புகள் தெரிவிக்கும் காரணங்கள், காரணங்களாகக் கருதப்பட மாட்டா. பாலக்காட்டில் உள்ள, சமூக அமைப்புகளின் ஆராய்ச்சித்திறன் அளவீட்டு மேம்பாட்டு மையத்தை அணுகவும். முடிவு வரும்வரை டாங்கியில் எவரும் கை வைக்கலாகாது."

சூசையப்பன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நமக்குத் திறன் இருக்குன்னு ஒரு பேப்பர் வேணுமாம். அப்புறந்தான் நாம சொல்றது காதுல விழுமாம்."

"பேப்பர்தான, வாங்கிட்டாப் போச்சு" என்றாள் சகாயம். ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஒன்றரை வருஷம் அலைந்தவள் அவள். இருந்தும் சொன்னாள்.

மையத்திலிருந்து முதலில் ஒரு ஜீப் வந்தது, ஜீப்பிலிருந்து ஜானவி என்ற பெண் இறங்கினாள். வேலந்தாவளத்துக்காரி, படித்தவள், நல்ல பெண். கையில் பலகைபோல ஒரு டேப்லெட். லயத்துக் கிளப் கூடத்தில் நாற்பது பேரை உட்கார வைத்தாள்.

"ஏனுங்க, யாரும் பயப்படாதீங்க. நூத்திப் பதினாலு கேள்விதானுங்க. ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொன்னாப் போதுமுங்க. இதைத்தான் அடிப்படை அளவீடுன்னு சொல்றோம்."

அளவீடு என்ற சொல்தான் வினையாகப் போயிற்று. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வாழ்க்கையில் தெரிந்த அளவீடு ஒன்றே ஒன்று. சாயங்காலம் சாக்கைத் தராசில் வைப்பார்கள். முள் முப்பது காட்டும். சாக்குக்கு ஒன்று, இலையில் இருக்கிற ஈரத்துக்கு இரண்டு, என்னவென்று தெரியாத இன்னொன்றுக்கு ஒன்று என்று கழித்துவிட்டு, சூப்பர்வைசர் இருபத்தாறு என்று எழுதுவார். முப்பது வருஷமாக அதுதான் நடக்கிறது. ஆகவே எதை அளக்க வந்தாலும் கழிவு போகும், அதனால் முதலிலேயே தாராளமாகக் காட்டிவிட வேண்டும் என்பது அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத சங்கதி.

"உங்க அமைப்புல கருதுகோள் உருவாக்குற பண்பாடு எந்த அளவுக்கு வேரூன்றி இருக்குதுங்க?"

சகாயம் மற்றவர்களைப் பார்த்து, கழிவு போக நிற்க வேண்டியது நிற்கட்டும் என்பதுபோல் தலையை அசைத்தாள். "பத்து" என்றார்கள் நாற்பது பேரும்.

"முறையியல் சார்ந்த சுயவிமர்சனம்?"

"பத்து."

"தரவுகளைக் கையாளும் அறவுணர்வு?"

"பதினொண்ணு" என்றார் சுவக்கீன். டேப்லெட் பதினொன்றை ஏற்கவில்லை. அவர் மனமில்லாமல் ஒன்று குறைத்துக்கொண்டார்.

டேப்லெட்டுக்கு எஸ்டேட் வழக்கம் தெரியாது. அது ஈரத்துக்கும் கழிக்கவில்லை, சாக்குக்கும் கழிக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி கூட்டி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு என்று காட்டியது. ஜானவி டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதுவே வந்தது.

நான்காம் நாள் மையத்தின் இயக்குநரே மலையேறி வந்துவிட்டார். டாக்டர் துரைசுவாமி. பாலக்காட்டுப் பழைய தெருவில் பிறந்து, புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்டு மாதக் குளிருக்குக் கம்பளித் தொப்பியும், அதற்கு மேல் ஒரு மப்ளரும் சுற்றியிருந்தார். மனுஷர் மோசமில்லை. யாரையும் அதட்டிப் பேச மாட்டார். ஒரு மனிதரைப் பார்த்தால் அவருக்கு முதலில் தோன்றுவது, இவர் அட்டவணையில் எந்தப் பத்தியில் வருவார் என்பதுதான்.

"தொண்ணூத்தேழு புள்ளி நாலு! எங்க மையத்துக்கே எழுபத்தொண்ணாக்கும், கேட்டேளா? எனக்கு அறுபத்தெட்டு."

"ரொம்ப சந்தோசம் சார்" என்றார் சூசையப்பன். "அப்ப பேப்பரக் குடுத்துருவீகளா?"

"எப்படிக் குடுப்பேன்? நாங்க திறனுக்குச் சர்ட்டிபிகேட் தரதில்லை. திறன் கூடினதுக்காக்கும் தரது. உங்களுக்கு இனி ரெண்டு புள்ளி ஆறுதான் பாக்கி இருக்கு. அந்த ரெண்டு புள்ளி ஆறுக்கு வேண்டி நான் ஒரு திட்டத்தை மலைமேல் கொண்டுவர முடியுமோ? மேலே இருக்கறவா என்ன கேப்பா?"

சூசையப்பன் தலையைச் சொறிந்தார். "அப்ப கொஞ்சம் குறைச்சுக்குவமா சார்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். துரைசுவாமி டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பநிலை மீட்பு முகாம் நடந்தது. மூன்று நாள். இரண்டு மூங்கிலில் கட்டி நிறுத்திய பேனரில் துரைசுவாமியின் படமும், 'அறியாமையை நோக்கி ஒன்றாக' என்ற வாசகமும் இருந்தன. மலைக்காற்று முதல் நாளே பேனரையும் மூங்கிலையும் சேர்த்துப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. முகாமின் நோக்கம், சங்கத்தினர் தங்களுக்குத் தெரிந்ததை மரியாதையாகக் கீழே இறக்கி வைப்பது. முதலில் நோட்டு போயிற்று.

"இதிலே முடிவு இருக்கு" என்றார் துரைசுவாமி, சகாயத்தின் நோட்டைப் புரட்டியபடி. "ஆராய்ச்சி தொடங்கறதுக்கு முன்னாடி முடிவு இருக்கப்டாது. அது முன்கூட்டிய அறிவாக்கும், ரொம்பக் கெடுதல்." நோட்டை ஒரு காக்கி உறையில் போட்டு, அரக்கு வைத்து மூடி, பாலக்காட்டுக்கு எடுத்துப் போனார்கள். சகாயம் அன்றைக்கே கடையில் இன்னொரு நோட்டு வாங்கிவிட்டாள்.

பிறகு பயிற்சி. ஜானவி ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், ஒவ்வொருவரும் தெரியாது என்று சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் அரை மணி நேரத்தில் தேறிவிட்டார்கள். சுவக்கீனால்தான் முடியவில்லை.

"மஞ்சக் காமாலை எதனால வருதுங்க?"

"தண்ணி..." என்று ஆரம்பித்து, கூடமே உச்சுக் கொட்டவும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னொருக்கா. எதனால வருதுங்க?"

"தெரியாதும்மா. ஆனா தண்ணிதான்."

இரண்டாம் நாள் முழுக்க இப்படியே போனது. அவருக்குப் பொய் சொல்ல வராது என்பதில்லை. அந்தக் குழிக்கு முன்னால் கயிற்றோடு நின்று மூக்கைப் பொத்தியவருக்கு, வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கடைசியில் சகாயம்தான் வழி சொன்னாள்: "அண்ணே, சாவியக் காணோம்னு பேக்டரி ஆபீசர் கேக்குறப்ப என்ன சொல்லுவீக? அதே மாதிரி சொல்லுங்க." சுவக்கீன் உடனே முகத்தைச் சுவர்போல வைத்துக்கொண்டு, "தெரியாது சார்" என்றார். அவ்வளவு சுத்தமான தெரியாது அந்த முகாமில் வேறு யாரிடமிருந்தும் வரவில்லை என்று ஜானவியே குறிப்பு எழுதினாள்.

மறு அளவீட்டில் சங்கம் பதினொன்று வாங்கியது. துரைசுவாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தொண்ணூத்தேழிலேருந்து பதினொண்ணு! ஒரே மாசத்திலே! இவ்வளவு வேகமா ஒரு சமூகம் தன்னைத் திறந்து குடுத்து நான் பாத்ததில்லை. இனி நாங்க உங்களைக் கட்டி எழுப்பலாம்."

கட்டி எழுப்புதல் செப்டம்பரில் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு வீதம் ஏழு வாரம், மொத்தம் பதினான்கு பயிற்சி. இந்தத் தடவை மையம் காற்றுக்குத் தயாராக வந்தது. ஒவ்வொரு பேனருக்கும் இரண்டு இஞ்சு கனத்தில் பத்தடி பி.வி.சி. பைப்பு நான்கு, இரண்டு நிற்க, இரண்டு குறுக்கே. ஒவ்வொரு பயிற்சிக்கும் தலைப்பு மாறுவதால் துரைசுவாமி படம் போட்ட பேனரும் புதிது, பைப்பும் புதிது. பழையதைப் பாலக்காட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக மையத்தின் விதிகளில் இடமில்லை என்பதால், பயிற்சி முடிந்ததும் எல்லாவற்றையும் கிளப்புக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் இரண்டு பயிற்சியும் கேள்வி என்றால் என்ன என்பது பற்றி. மூன்றாவதில் சம்மதப் படிவம் வந்தது. யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் நோக்கத்தை விளக்கி, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டில் செய்து பழகச் சொன்னார்கள். சூசையப்பன் சகாயத்திடம் டீ இருக்கிறதா என்று கேட்பதற்குப் படிவத்தை நீட்டினார். அவள் படித்துப் பார்த்து, விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான்காம் பயிற்சிக்குப் பிறகு யாருக்கும் பெயர் கிடையாது. சகாயம் பங்கேற்பாளர் பதினேழு. சூசையப்பன் பங்கேற்பாளர் பதினெட்டு. சுவக்கீன் தன் எண்ணை மறந்துவிட்டதால் மூன்று நாள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருந்தார்.

ஆறாவது பயிற்சியில் துரைசுவாமியே வந்து ஒப்பீட்டுக் குழுவை விளக்கினார். மேல் லயத்தில் ஆறு வீடுகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஒரு மாதம் கீழ் டாங்கித் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். அதோடு, கீழ் லயத்தில் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டும்.

"கொதிக்க வைக்கறது ஒரு தலையீடாக்கும். நீங்க தலையிட்டா இயற்கை என்ன நினைக்கறதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சீட்டு விழுந்த ஆறு வீட்டாரும் நன்றி சொன்னார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய், அவரவர் டாங்கித் தண்ணீரை, கொதிக்க வைத்தே குடித்தார்கள். டேப்லெட்டில் கொதிக்க வைப்பதில்லை என்ற கட்டத்தில் மட்டும் ஒழுங்காகத் தொட்டார்கள். ஆக மையத்திடம் இருந்த கணக்கு முழுவதும் பொய். உள்ளது உள்ளபடி இருந்தது சகாயத்தின் புது நோட்டில் மட்டும்தான்.

ஆனால் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பாத்திரம் கழுவ, பல் தேய்க்க, அரிசி களைய எத்தனை விறகு எரிப்பது? செப்டம்பர் கடைசியில் எட்டாம் நம்பர் வீட்டு மருமகள் சிஞ்சுவுக்குக் கண் மஞ்சளானது. ஐந்தாம் மாதம். ஜீப்பில் போட்டுக் கோட்டயத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். அவள் மட்டும்தான் வந்தாள்.

மையத்தின் அறிக்கையில் அந்த வாரம், 'பாதியில் விலகிய பங்கேற்பாளர்: ஒன்று' என்று பதிவானது. அதை எழுதியதும் ஜானவி டேப்லெட்டை மூடி வைத்தாள். "சார், ஒருக்கா அந்த டாங்கியப் போய்ப் பாத்துட்டு வந்துரலாமுங்களா? முந்நூறு படிதானுங்க" என்று துரைசுவாமியிடம் கேட்டாள். அவர் அட்டவணையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, டாங்கி பார்ப்பது அதில் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். உண்மையில், மையத்திலிருந்து அதுவரை வந்த பதினோரு பேரில் ஒருவர்கூட டாங்கியைப் பார்க்கவில்லை.

சிஞ்சு திரும்பிய மறுநாள் கஞ்சிக்கோட்டிலிருந்து சம்பந்தியம்மாள் போன் செய்தாள். "நவம்பர் அஞ்சாந்தேதி ஏழு பொறக்குது. எப்ப வர்றீக? பிள்ளைய அழைச்சிட்டுப் போக மனசில்லையோன்னு ஊர்ல கேக்குறாக." போனில் பின்னால் ரிஞ்சுவின் சிரிப்பு கேட்டது. அம்மா கையால் மீன் குழம்பு வேண்டுமாம். சூசையப்பன் வருகிறோம் வருகிறோம் என்று சொல்லிப் போனை வைத்தார். எட்டாம் நம்பர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்க்காமல் தெருவில் நடக்க அவரால் முடியவில்லை.

பதினான்காம் பயிற்சிக்கு வந்த துரைசுவாமியைச் சூசையப்பன் வழியிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், பேப்பர் பின்னாடி வரட்டும். அந்தக் குழாய மட்டும் இப்பப் போட்டுக்கிறோம் சார்."

"இப்போ தொடப்டாது. இறுதி அளவீடு வரைக்கும் எல்லாம் உள்ளபடி இருக்கணும். அதுக்கு அப்புறம் நீங்க ஆய்வு பண்ணணும், சமர்ப்பிக்கணும். ஒரு பதினெட்டு மாசம்னு வெச்சுக்கோங்கோ."

"என் மக நவம்பர்ல பிரசவத்துக்கு வர்றா சார்."

துரைசுவாமியின் முகம் மலர்ந்தது. "நன்னாயிருக்கே! வரட்டும். இந்தத் தண்ணிக்குப் பழகாத உடம்பு, அதிலும் கர்ப்பம். எங்க சாம்பிள்லே அப்படி ஒரு ஆள் இப்போ இல்லை. இருந்த ஒரே ஆளும் விலகிப் போயிட்டா."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சூசையப்பனின் தோளில்கூடத் தட்டினார். சூசையப்பனுக்கு அந்த மப்ளரின் இரண்டு நுனியையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் என்ன என்று தோன்றியது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சகாயத்திடம் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சகாயம் அழவில்லை. எழுந்து கிளப்புக்குப் பின்னால் போனாள். அங்கே பைப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பின்னாலேயே வந்த புருஷனிடம் கேட்டாள்.

"ஒரு பேனருக்கு எத்தனை பைப்புங்க?"

"நாலு."

"பதினாலு பயிற்சிக்கு?"

"அம்பத்தாறு."

"ஒண்ணு பத்தடி. கணக்குப் போட்டுப் பாருங்க."

சூசையப்பன் கணக்குப் போட்டார். பிறகு ஓடிப்போய்ச் சுவக்கீனைக் கூட்டிவந்தார். சுவக்கீன் ஒரு பைப்பைத் தூக்கி ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். "நல்ல பைப்பு. ஒரு பக்கம் வாய் விரிஞ்சது, ஒண்ணுக்குள்ள ஒண்ணச் சொருகிப் பசையப் போட்டா நிக்கும்" என்றார். பாலக்காட்டு மையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சமூகத்துக்குத் தேவையானதை அடி பிசகாமல் அளந்து கொடுத்தது அது ஒரு தடவைதான். அதையும் அவர்கள் அளக்கவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்த நாற்பத்தாறு வீட்டாரும் மண்வெட்டி எடுத்தார்கள். யாரும் யாரிடமும் சம்மதப் படிவம் வாங்கவில்லை. மேல் லயத்து ஆட்கள் மேலிருந்தும் கீழ் லயத்து ஆட்கள் கீழிருந்தும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டி வந்தார்கள். பெண்கள் கீழ் டாங்கியை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். ஓடைத் தண்ணீர் வருகிற வாயைச் சிமெண்டால் அடைத்தார்கள். டாங்கிக்கு மூடி கிடையாது. பதினான்கு பேனர் துணிகளையும் சேர்த்துத் தைத்து இழுத்துக் கட்டினார்கள். சாயங்காலம் நாலரைக்கு ஊற்றுத் தண்ணீர் சளசளவென்று கீழ் டாங்கிக்குள் விழுந்தது. மேலே பதினான்கு துரைசுவாமிகள் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் ஐந்தாம் தேதி சூசையப்பனும் சகாயமும் கஞ்சிக்கோட்டுக்குப் போய் மகளை அழைத்து வந்தார்கள். சகாயத்தின் நோட்டில் நவம்பர் இருபதுக்குப் பிறகு புதுப் பெயர் ஒன்றும் ஏறவில்லை. ஜனவரியில் ரிஞ்சுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். ஆஸ்பத்திரித் தராசில் யாரும் எதையும் கழிக்கவில்லை என்பதைச் சகாயம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் இறுதி அளவீடு. சங்கத்துக்கு எண்பத்துமூன்று கிடைத்தது. ஆனால் துரைசுவாமி கவலையாக இருந்தார். நோயைக் காணவில்லை.

"கடைசியா யாருக்கு வந்தது?"

"நவம்பர்ல சார்."

"அப்புறம் ஏன் வரலை?"

நாற்பது பேரும் முகத்தைச் சுவராக்கிக்கொண்டு, "தெரியாது சார்" என்றார்கள்.

"தண்ணி அதே டாங்கிதானே?"

"அதே டாங்கிதான் சார்."

"ஆமாம், பேனரெல்லாம் எங்கே?"

"லயத்துக்குப் பிரயோசனமா இருக்கட்டும்னு வச்சிருக்கோம் சார்" என்றார் சூசையப்பன்.

"நன்னாயிருக்கு. வாசகத்தைத் தெனம் பாக்கணும்." துரைசுவாமி காகிதங்களுக்குத் திரும்பினார். ஜானவி மட்டும் அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், அட்டவணையில் இல்லாத முந்நூறு படியும் இறங்கிப் போய் டாங்கியைப் பார்த்தாள். பார்த்ததைத் துரைசுவாமியிடம் சொல்லவில்லை. புறப்படும்போது ரிஞ்சுவின் குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். சகாயத்தின் அரக்கு வைத்த பழைய நோட்டை, கைப்பையிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச்சில் தேவிகுளத்தில் ஒரு மண்டபம் பிடித்து அறிக்கை வெளியீடு நடந்தது. பஞ்சாயத்துத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். துரைசுவாமி மப்ளரை அவிழ்த்துவிட்டு மேடைத் தமிழில் பேசினார்.

"நண்பர்களே! திறன் பதினொன்றாக இருந்தபோது இந்த டிவிஷனில் நோய் இருந்தது. திறன் எண்பத்துமூன்று ஆனபோது நோய் இல்லை. இடையில் நடந்தது என்ன? எங்கள் பதினான்கு பயிற்சிகள். பயிற்சிகள் முடிந்த நாலாம் வாரம் நோய் நின்றுவிட்டது. டாங்கி அதே டாங்கி. மக்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் இல்லை. அதற்குக் கையெழுத்திட்ட சான்று எங்களிடம் இருக்கிறது. மேல் லயத்தில் ஆறு குடும்பங்கள் அதே தண்ணீரைக் குடித்தும் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே தண்ணீர்தான் காரணம் என்ற பழைய நம்பிக்கை இன்றோடு பொய்யாகிவிட்டது. மஞ்சள் காமாலைக்குக் காரணம், ஆராய்ச்சித்திறன் குறைவு!"

மண்டபம் கைதட்டியது. சூசையப்பனும் தட்டினார், தட்டாவிட்டால் பக்கத்தில் இருந்தவர் பார்த்திருப்பார். பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து, இனி ஆராய்ச்சியின்படியே எல்லாம் நடக்கும் என்று உறுதி சொன்னார். நான்காம் டிவிஷனில் இப்போது நோய் பரவி வருவது தன் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், குழாய் கேட்டு அவர்கள் கொடுத்த மனுவைத் தள்ளிவிட்டு, மையத்தின் பயிற்சிகளை உடனடியாக அங்கே தொடங்கத் தீர்மானம் போட்டாகிவிட்டது என்றும் அறிவித்தார். சூசையப்பனின் கையில் சான்றிதழ் வந்தது. டாங்கியைப் பற்றி மனுச் செய்ய இந்தச் சங்கம் தகுதி பெற்றுவிட்டது என்று அதில் அச்சடித்திருந்தது.

வெளியே வந்தபோது நான்காம் டிவிஷன் பெரியமுத்து படிக்கட்டில் காத்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருடைய மனைவியும் தம்பி மகனும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

"அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். குழாய் கேட்டா பயிற்சின்னு சொல்றாக. அங்க என்னதான் செஞ்சீக?"

சூசையப்பன் முன்னும் பின்னும் பார்த்தார். துரைசுவாமி உள்ளே படம் எடுத்துக்கொண்டிருந்தார். சூசையப்பன் சான்றிதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரியமுத்துவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னைக்கே போய் எல்லாரையும் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க. பாத்திரம் கழுவ எங்க ஊத்துல வந்து எடுத்துக்கங்க, ஜீப்புக்கு நான் சொல்லுறேன். அளக்க வருவாக. எதக் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. பேனரத் திருப்பிக் கொண்டுபோக விட்டுறாதீக, பைப்போட வாங்கி வைங்க."

"பைப்பா?"

"உங்க டாங்கிக்கும் நல்ல தண்ணிக்கும் எம்புட்டுத் தூரம்?"

"முந்நூறு அடி இருக்கும்ணே."

சூசையப்பன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்ப உங்களுக்கு எட்டுப் பயிற்சி போதும்" என்றார்.